முகமும் பெயரும்: ஊவாத் தோட்டக் குடும்பங்களின் படங்கள் குறித்து ஒரு சிந்தனை

பசறையை அண்டிய தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில் முதியவர் ஒருவர் இறந்துவிட்டார் எனக் கொள்க. சவப்பெட்டி வந்து சேர்வதற்கு முன்னரே உறவினர் ஒருவர் அவரது தேசிய அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு பதுளை நகருக்குப் புறப்பட்டிருப்பார். அட்டையில் ஒட்டிய சிறு முகம் ஸ்டூடியோவில் பெருப்பிக்கப்பட்டு, மாலையிடத்தக்க அளவிற் சட்டமிடப்பட்டு, பொழுது சாய்வதற்குள் லயத்து வாசலை வந்தடையும். மலைச்சரிவில் ஐம்பது ஆண்டுகள் உழைத்த ஒரு மனிதரைப் பற்றி அவ்வீட்டில் எஞ்சிய ஒரே அச்சுப்படம், அரசாங்கம் அவரை இனங்காண்பதற்காகக் கேட்டு வாங்கிய படமாகவே இருக்கும். அதில் அவர் சிரிப்பதில்லை; எவரையும் பார்ப்பதுமில்லை.

அதே வேளையில் அவ்வீட்டு மகளின் கைத்தொலைபேசியில் ஆயிரக்கணக்கான படங்கள் கிடக்கின்றன. பொங்கற் பானைக்கு அருகே குந்தியிருக்கும் முதியவர், பேரப்பிள்ளையை மடியில் வைத்துப் பொக்கை வாயாற் சிரிக்கும் முதியவர், மாரியம்மன் கோயில் தேருக்குப் பின்னே தோளில் துண்டோடு நடந்து வரும் முதியவர் என அவற்றுள் அவரும் பல இடங்களில் இருக்கிறார். ஆயின் அந்த நேரத்தில் அவற்றைத் தேடியெடுக்க எவருக்கும் மனம் வருவதில்லை. தேடியெடுத்தாலும், வாட்ஸ்அப் வழியே பல கைமாறிச் சுருங்கிப்போன அப்படம் பெரிதாக்கும்போது கலங்கிவிடுகிறது. கைவசம் ஆயிரம் முகங்கள் இருந்தும் சுவருக்கு ஒரு முகம் இல்லை என்பதே இன்றைய நிலை.

குடும்பப் படங்களைக் குறைந்த செலவில் நல்ல தரத்தில் அச்சிட்டுக்கொள்வது எப்படி என்பது கடைக்காரரிடம் கேட்கவேண்டிய வினாவாகவே பலருக்குத் தோன்றும். அதனை ஓர் அறவியல் வினாவாக எடுத்து ஆராய்வது சிலருக்கு நகைப்பை விளைவிக்கவுங்கூடும். எனினும் ‘நல்ல தரம்’ என்னும் சொல்லைச் சற்று உற்று நோக்கினால் அது அத்துணை எளிதன்று என்பது புலனாகும். எதற்கு உண்மையாக இருக்கும் படம் நல்ல படம்? எத்தனை காலம் நிலைப்பது நல்ல படம்? ஏழையொருவர் தம் வயிற்றுக்கு எடுத்ததில் ஒரு பகுதியை ஒரு முகத்துக்காகச் செலவிடுவது முறைதானா? ஊவாத் தோட்டங்களின் வரலாற்றோடு சேர்த்து நோக்கும்போது இவ்வினாக்கள் கூர்மை பெறுகின்றன. ஏனெனில் இலங்கையில் மிகுதியாகப் படம் பிடிக்கப்பட்ட உழைப்பாளர் கூட்டத்தாருள் மலையகத் தொழிலாளர் முன்னிற்பவர். தம்முடைய படம் தம் கையில் இல்லாதிருந்தோருள்ளும் அவரே முன்னிற்பவர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் நிழற்படக் கலைஞருள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் 1875 இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 1879 இல் திக்கோயாப் பகுதியிலுள்ள கிளென்கேர்ண் தோட்டத்தில் உயிர்நீத்தவர். இங்கிலாந்திலிருந்த காலத்தில் அவர் எடுத்த படங்களிலே கவிஞர் டெனிசன், வானியலறிஞர் ஹேர்ஷல், உயிரியலறிஞர் டார்வின் ஆகியோரின் முகங்கள் தத்தம் பெயரோடு நிற்கின்றன. இலங்கையில் அவர் எடுத்த படங்களில் தோட்டத் தொழிலாளரும் களுத்துறைக் கிராமத்தவரும் உள்ளனர். அவர்களும் அதே கருவியால், அதே கண்ணால், அதே பொறுமையோடு எடுக்கப்பட்டவர்களே. ஆயினும் அவர்களுட் பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. அப்படங்களின் அழகை மறுப்பதற்கில்லை. அவற்றிலுள்ள பெண்களின் பார்வையில் ஒரு தன்மதிப்பும் ஒளிர்கின்றது. கமரன் அம்மையாரை இன்றிருந்துகொண்டு ஏசுவதாற் பயனுமில்லை. கருதவேண்டியது ஒன்றே: முகம் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை.

அவருக்குப் பின் வந்தோர் இத்துணை நயமும் காட்டவில்லை. ஸ்கோவன், ஸ்கீன், 1890 இல் தொடங்கப்பட்ட பிளாட்டே ஆகிய படநிலையங்கள் தேயிலைத் தோட்டக் காட்சிகளை விற்பனைக்கு எடுத்தன. அஞ்சலட்டைகளாக அவை கடல்கடந்து சென்றன. ‘தமிழ்க் கூலிகள்’, ‘கொழுந்து பறிப்போர்’ என்பனவே அவற்றின் கீழ் நின்ற விளக்கங்கள். அதே 1890 இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளை மலைகளில் தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். அதன்பின் கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் உருவம் தேயிலை விளம்பரங்களிலும் தேயிலைப் பெட்டிகளிலும் ஏறி உலகெங்கும் உலாவியது. இன்றும் எல்லவிலும் அப்புத்தளையிலும் புகையிரதத்திலிருந்து இறங்கும் பயணி முதலிற் படமெடுப்பது மலையை. அடுத்தபடியாக, மலையில் நிற்கும் பெண்ணை. அப்படத்தின் படியொன்று அப்பெண்ணுக்கு அனுப்பப்பட்டதாகக் கேள்விப்படுவது அரிது.

மனிதரை ஒருபோதும் வெறுங் கருவியாக மாத்திரம் கொள்ளலாகாது, அவரைத் தம்மளவிலேயே குறிக்கோளாகக் கொள்ளவேண்டும் என்பது ஜேர்மன் மெய்யியலாளர் கான்ற் வகுத்த அறவிதி. ஒருவரைப் படமெடுப்பதே அவ்விதியை மீறுவதாகாது. படத்துக்கும் படத்திலிருப்பவருக்கும் இடையிலுள்ள தொடர்பு முற்றாக அறுக்கப்படும்போதே அது மீறப்படுகின்றது. பிரெஞ்சு அறிஞர் ரோலண்ட் பார்த் 1980 இல் வெளியிட்ட ‘ஒளிமிகு அறை’ என்னும் நூலில் மறைந்த தம் தாயின் சிறுவயதுப் படமொன்றைப் பற்றி விரிவாகப் பேசுகின்றார். நூலிற் பல படங்களை அச்சிட்டவர் அந்த ஒரு படத்தை மாத்திரம் அச்சிடவில்லை. அது தமக்கே உயிருள்ளது, பிறர்க்கு எத்தனையோ சாதாரணப் படங்களுள் ஒன்று என்பது அவர் கூறிய காரணம். குடும்பப் படத்தின் இயல்பை இதனினும் நுட்பமாக விளக்குதல் அரிது. அஞ்சலட்டைப் படமோ இதற்கு நேர்மாறானது: அதில் நிற்பவளின் மகனையும் மகளையும் தவிர உலகத்தார் அனைவருக்கும் அது ஏதோவொரு பொருளை உணர்த்துகின்றது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தோட்டத்து மக்கள் இரண்டாம் வகைப் படங்களிலே நிறைந்தும் முதல் வகைப் படங்களிலே குறைந்தும் வாழ்ந்து வந்தனர்.

தோட்டங்களிற் பெயரென்பது வேறொரு பொருளையும் உடையது. ஒரு நாள் வேலைக்குரிய கூலியை அங்கு ‘ஒரு பேர்’ என்பர். கொழுந்தின் நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’. செக்ரோலில் எழுதப்படும் பெயரே உழைப்பும் ஊதியமுமாயிற்று. பெயரின் அரைவாசியை வெட்டிவிடவும் முடிந்தது. மாண்டபின் அப்பெயர் எங்கும் எழுதப்படவில்லை. தேயிலைக்கடியிற் புதையுண்ட தம் முன்னோருக்கு நினைவுச்சின்னம் எதுவும் இல்லையே என்னும் ஏக்கத்தைச் சி. வி. வேலுப்பிள்ளை ‘இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே’ என்ற தம் ஆங்கில நெடுங்கவிதையில் வெளியிட்டார். நடுகல் நாட்டும் முறையைத் தொல்காப்பியமே படிநிலைகளாக வகுத்துரைக்கும் மொழியின் மக்கள் அவர்கள் என்பதை நினைக்கும்போது இந்த இன்மையின் கனம் மிகுகின்றது.

இனி, அடையாள அட்டைப் படத்திற்கு மீள்வோம். அதனை உணர்ச்சியற்றதென்று தள்ளிவிடுதல் அவசரமாகும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30 ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைத் தொகையாகவே பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ள. அந்த எச்சத்தை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. ஆட்களைப் பதிவுசெய்யும் 1968 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 1972 முதல் அடையாள அட்டைகள் வழங்கப்பட்டபோது, குடியுரிமையற்றோருக்கு அரசாங்கத்தின் அந்தச் சிறு படமும் வாய்க்கவில்லை. நாடற்ற நிலையை முடிவுக்குக் கொண்டுவந்த சட்டம் 2003 இலேதான் நிறைவேறியது. ஆகவே இறந்தவரின் அட்டையிலுள்ள முகம், வென்றெடுக்கப்பட்ட முகமுங்கூட. அதற்கு மாலையிடுவதில் தாழ்வில்லை. தாழ்வு, அதனைத் தவிர வேறொரு முகம் இல்லாமையிலேதான் உளது.

ஒப்பந்தத்தின் வழியே பிரிந்த குடும்பங்களின் கதை படங்களோடு பின்னிப்பிணைந்தது. கடவுச்சீட்டுக்காகவேனும் பலர் தம் வாழ்நாளில் முதன்முறையாகக் கருவியின் முன் அமர்ந்தனர். பிரிவதற்கு முன் குடும்பமாக ஸ்டூடியோவில் நின்று, வரையப்பட்ட திரையின் முன் விறைத்துப்போய்ப் படமெடுத்துக்கொண்டோரும் உண்டு. ஒரு படி இங்கே தங்கியது. மற்றது தலைமன்னார்த் துறையிற் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ போயிற்று. அவை பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படங்கள். வெள்ளி உப்பினால் ஆன அப்படங்கள் செவ்வையாகக் கழுவப்பட்டிருப்பின் நூறாண்டு கடந்தும் நிலைக்கும். பின்னர் எடுக்கப்பட்ட வண்ணப் படங்களின் நிலை வேறு. எழுபதுகளின் வண்ணப் படங்கள் இருட்டில் வைத்திருந்தாலுங்கூட நீலச்சாயம் கரைந்து செந்நிறம் பாரித்துவிடுகின்றன. பாட்டியின் முகம் பேத்தியின் முகத்தைக் காட்டிலும் தெளிவாக நிற்கும் விந்தை பல வீடுகளில் நிகழக் காரணம் இதுவே.

எண்ணியற் படம் இந்நிலையைத் தலைகீழாக்கியது. கொடாக் நிறுவனத்தின் பொறியியலாளர் ஸ்டீவன் சாசன் 1975 இல் ஆக்கிய முதற் கருவி பத்தாயிரம் படப்புள்ளிகளையே பதிவுசெய்தது. அவ்வழி வந்த தொழினுட்பமே பின்னர் அந்நிறுவனத்தின் படச்சுருள் வணிகத்தைச் சிதைக்க, 2012 ஜனவரியில் அது கடன்தீர்க்க வகையற்று நீதிமன்றத்தின் பாதுகாப்பை நாடியது. இன்று நமுனுகுலை மலையடியில் எடுத்த படம் அடுத்த நொடியில் கோத்தகிரியில் தெரிகின்றது. 1970 இல் கப்பலேறிப் போன மாமன் வீட்டுச் சுவரிலிருந்த பழைய படமொன்றைக் கைத்தொலைபேசியாற் பிடித்து, இங்குள்ள மருமகனுக்கு அனுப்பிவைக்க முடிகின்றது. இந்த நன்மையைச் சிறிதென்று கூறுபவர் பிரிவை அறியாதவராகவே இருப்பர்.

ஆயினும் பெருக்கம் வேறு, பேணுதல் வேறு. எழுத்து நினைவாற்றலை வளர்க்காது, மறதியையே விளைவிக்கும் என்னும் ஐயத்தைச் சோக்கிரதரின் வாயிலாகப் பிளேட்டோ ‘பீட்ரஸ்’ உரையாடலில் எழுப்பினார். வெளியே எழுதி வைத்துவிட்டோமென்ற நம்பிக்கையில் உள்ளம் சோம்பிவிடும் என்பது அவ்வாதம். எழுத்தின் பொருட்டு அது எத்துணை பொருந்தும் என்பது விவாதத்துக்குரியது. கைத்தொலைபேசிப் படங்களுக்கு அது மிகப் பொருந்துகின்றது. எல்லாம் உள்ளே இருக்கின்றதென்ற நிம்மதியில் எதையும் எவரும் பார்ப்பதில்லை. தொலைபேசி மழையில் நனைகின்றது, கடவுச்சொல் மறந்துபோகின்றது, பழையது போய்ப் புதியது வருகின்றது. கூகுள் நிறுவனம் படங்களை அளவின்றி இலவசமாகச் சேமிக்கும் வசதியை 2021 ஜூன் 1 ஆம் திகதியோடு நிறுத்திக்கொண்டது. பிறர் வீட்டுத் திண்ணையில் வைத்த பொருள், திண்ணைக்குரியவர் மனமிருக்கும் வரைக்குமே பத்திரம்.

அச்சிடுதல் இப்பெருக்கத்தின் நடுவே ஒரு தேர்வை வற்புறுத்துகின்றது. மூவாயிரத்துள் முப்பதைத் தேர்வதற்கு மூவாயிரத்தையும் ஒருமுறையேனும் பார்க்கவேண்டும். எது அப்பாவின் உண்மையான சிரிப்பு, எது கருவிக்காகச் செய்த சிரிப்பு எனக் குடும்பத்தார் கூடிப் பேசவேண்டும். பணம் கொடுக்கவேண்டியிருப்பதே இங்கு நன்மையாகின்றது. செலவில்லாத இடத்தில் தெரிவு இல்லை. தெரிவு இல்லாத இடத்தில் கவனமும் இல்லை.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். 2024 செப்டெம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அதனைக்கூட நீண்ட இழுபறியின் பின்னரே பெற்ற மக்களிடம், அரிசிக்கும் பிள்ளைகளின் கொப்பிக்கும் போதாத கூலியிற் படம் அச்சிடுங்கள் என்று கூறுவது வயிறு நிறைந்தோரின் அறிவுரையாகாதா? தடை வலுவுடையதே. ஆனால் அதனை எழுப்புவோர் பெரும்பாலும் தோட்டத்துக்கு வெளியேயுள்ளோர் என்பதையும் நோக்கவேண்டும். பெண் பெரியவளான சடங்குக்கும் கோயில் திருவிழாவுக்கும் கடன்பட்டேனும் படமெடுப்போரை அம்மக்கள் அழைக்கின்றனர். அதை வீண்செலவென்று பிறர் பழிக்கலாம்; தமக்கு எது இன்றியமையாதது என்பதை அவர்கள் தீர்மானித்திருக்கின்றனர். கொடையின் அளவு கொடுக்கப்படும் பொருளின் அளவிலன்று, கொடுப்பவரின் உடைமையோடு அதற்குள்ள விகிதத்திலேயே உள்ளது என அரிஸ்டாட்டில் கூறுவார். ஏழை வீட்டுச் சுவரிலுள்ள ஒரு படத்தின் மதிப்பையும் அவ்வாறே அளத்தல் தகும். கேட்கவேண்டிய வினா, அவர்கள் செலவிடலாமா என்பதன்று. செலவிட்டதற்கு ஏற்றது அவர்களுக்குக் கிடைக்கின்றதா என்பதே.

பல வேளைகளிற் கிடைப்பதில்லை. ஏமாற்று ஒருபுறமிருக்க, அறியாமையே இதற்குப் பெருங்காரணம். வாட்ஸ்அப் வழக்கமான முறையில் அனுப்பும் படத்தின் நீண்ட பக்கம் ஏறத்தாழ 1,600 படப்புள்ளிகளாகக் குறுக்கப்படுகின்றது. ஆறங்குலத் தாளில் அது அங்குலத்துக்கு 267 புள்ளியாக விழும். கண்ணுக்குக் குறையொன்றும் தெரியாது. அதனையே பதினெட்டு அங்குலச் சட்டத்துக்குப் பெருப்பித்தால் அங்குலத்துக்கு 89 புள்ளியே எஞ்சும், கண்ணிமைகள் கரைந்துபோகும். எடுத்த கருவியிலிருந்து மூலக்கோப்பையே கொண்டுசென்றால், அல்லது அதே செயலியில் படமாகவன்றி ஆவணமாக அனுப்பினால், ஒரு சதமும் மேலதிகச் செலவின்றி இக்குறை நீங்கும். மற்றொன்று, தாளின் வடிவம். கைத்தொலைபேசிப் படம் பொதுவாக நான்குக்கு மூன்று என்ற விகிதத்திலும், ஆறுக்கு நான்கு அங்குலத் தாள் மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்திலும் அமைந்தவை. தாளை நிரப்புவதற்காக இயந்திரம் படத்தில் ஒன்பதில் ஒரு பங்கை வெட்டியெறிகின்றது. வெட்டுப்படுவது கரையோரம். குடும்பப் படத்தில் கரையோரம் நிற்பவர் யாரென்பதை எல்லோரும் அறிவர்: பின்வரிசையில் ஒதுங்கி நிற்கும் விதவை அத்தை, கூப்பிட்டதால் வந்து நின்ற அயல்வீட்டுக் கிழவர்.

நிலைபேறு குறித்தும் ஒரு சொல். பொதுவாக நோக்கின், ஒளியுணர் தாளில் இரசாயன முறையாற் கழுவியெடுக்கும் படம், மலிவான சாயமையினாற் சாதாரணத் தாளில் தெளிக்கப்படும் படத்தைவிடப் பலமடங்கு நின்றுபிடிக்கும். நிறமித்துகள் கலந்த மையும் அவ்வாறே. விலையில் உள்ள வேறுபாடு சிறிதாகவும் ஆயுளில் உள்ள வேறுபாடு பெரிதாகவும் இருத்தலால், எந்த முறையில் அச்சிடப்படுகின்றதெனக் கேட்டறிவது வாங்குவோரின் உரிமை. ஊவாவின் மூடுபனியும், லயத்து அடுப்புப் புகையும், தகரக் கூரையின் ஒழுக்கும் எந்தப் படத்துக்கும் பகையே. கண்ணாடியோடு ஒட்ட வைத்த படம் ஈரத்தில் அதனோடு பிணைந்து, பிரிக்கும்போது முகம் உரிந்துவரும். இடையிலே ஒரு மட்டைக் கரை வைத்தாற் போதும். பசைத்தாள் அல்பங்களை விலக்குதல் நன்று.

தரம் பற்றிய மிகக் கடினமான வினா மையிலுமில்லை, தாளிலுமில்லை; தோலின் நிறத்திலே இருக்கின்றது. வண்ணப் படச்சுருளை ஆக்கியோர் நிறங்களைச் சரிபார்ப்பதற்கு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம் பொறித்த அட்டையைப் பல பத்தாண்டுகளாக அளவுகோலாகக் கொண்டிருந்தனர். கறுத்த முகங்கள் அவற்றிற் சேறாகத் தெரிந்தன. இக்குறை திருந்தத் தொடங்கியதில், சொக்லேட்டின் கருமையும் மரத்தளபாடத்தின் நுண்ணிய நிறபேதங்களும் படத்தில் விழவில்லையெனக் குறைபட்ட வணிகர்களுக்கும் பங்குண்டு எனக் கனடிய ஆய்வாளர் லோர்னா ரோத் எடுத்துக்காட்டியுள்ளார். மனித முகத்துக்காகக் கேட்டோரின் குரலினும் மரத்துக்காகக் கேட்டோரின் குரல் உரத்திருந்தது போலும். கருவி திருந்திவிட்டது. இப்போதைய குறை கருவியினுடையதன்று. முகத்தை வெளுப்பாக்கித் தருதல் நம்மூர்ப் படநிலையங்களில் ஒரு சேவையாகவே நிலைபெற்றுவிட்டது. கேளாமலே செய்து கொடுப்போரும் உளர்.

இறந்தவரின் மகளையும் மனைவியையும் இங்கு மீண்டும் நினைத்துப் பார்க்கலாம். மகள் கொழும்பில் வேலை செய்பவள். மடியிற் பேரனோடு சிரிக்கும் அப்பாவின் படத்தைத் தேர்ந்து, நிறத்தை மாற்றவேண்டாம் என்கிறாள். தாய்க்கு அது போதவில்லை. முகம் ‘கொஞ்சம் வெளிச்சமாக’ இருக்கட்டும், கோட்டும் கழுத்துப்பட்டியும் போட்டுவிடச் சொல் என்கிறாள். அவர் வாழ்நாளில் கோட்டு அணிந்ததில்லை. இருவருள் யார் அவருக்கு உண்மையானவர்?

மகளே என்று உடனே கூறிவிடுதல் படித்தவர்களின் பழக்கம். தாயின் ஆசையில் உள்ள நியாயத்தையும் எடைபோடுதல் வேண்டும். கோட்டு துரைக்குரியது, தொழிலாளி துரையின் முன்னே தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றவன். உயிரோடிருந்தபோது மறுக்கப்பட்ட மரியாதையை இறந்தபின்பாவது அவருக்கு அணிவித்துப் பார்க்க விரும்பும் உள்ளம் பொய்யுள்ளமன்று. பழைய ஸ்டூடியோக்களில் இரவல் கோட்டும், வரைந்த மாளிகைத் திரையும், பிளாஸ்டிக் பூச்சாடியும் இருந்தன. அவற்றோடு நின்ற எவரும் அம்மாளிகை தம்முடையதென்று எவரையும் நம்பவைக்கவில்லை. அது விழாவுக்கு உடுத்தும் உடை போன்றது; பார்ப்பவரும் அதை அறிவர். கோட்டைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே அதே மனிதர் இருக்கிறார்.

வெளுப்பு அத்தகையதன்று. அதனைக் கழற்ற முடியாது. நெற்றியில் வெயில் பட்ட இடமும், கண்ணின் கீழ்ச் சுருக்கமும், மகனுக்கும் பேரனுக்கும் இறங்கிவந்த நிறமும் அதில் அழிகின்றன. நாளை அப்பேரன் சுவரை அண்ணாந்து பார்த்துத் தன் முகத்தை அங்கே தேடும்போது வேறொருவரையே காண்பான். அணியை ஏற்று உருமாற்றத்தை மறுத்தல் என்னும் எல்லை இங்கு பொருத்தமாகத் தோன்றுகின்றது. தாய் கேட்ட கோட்டைப் போட்டுவிடலாம். நிறத்தை மாத்திரம் அவருடையதாகவே விட்டுவிடவேண்டும். இதனையும் தாயிடம் பேசித்தான் முடிவுசெய்தல் வேண்டும். மகள் கடைக்காரரிடம் இரகசியமாகச் சொல்லிவிட்டு வருவது, எத்துணை நல்ல நோக்கத்தோடு செய்யினும், வேறொரு வகையான பொய்.

செலவைக் குறைப்பதற்கு வழி, படத்தின் விலையிற் பேரம் பேசுவதிலன்று. மடுல்சீமையிலிருந்தோ கொஸ்லாந்தையிலிருந்தோ ஐந்து படங்களுக்காகப் பதுளைக்கோ பண்டாரவளைக்கோ செல்லும் தொழிலாளிக்குப் படத்தைவிட அன்று இழக்கும் பேரே விலை கூடியது. ஒரு லயத்தார் தம் படங்களை ஒன்றாகத் திரட்டி ஒருவரிடம் கொடுத்தனுப்பினால் ஒரு பேரே போகும். தொகை கூடும்போது படமொன்றின் விலையும் இறங்கும். சீட்டுப் பிடித்துத் திருமணமும் திருவிழாவும் நடத்தும் சமூகத்துக்கு இது புதிய கலையன்று. தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த பிள்ளைகள் இப்போது அநேகமாக ஒவ்வொரு பிரிவிலும் உளர். விடுமுறைக்கு வரும்போது மூலக்கோப்புகளைத் திரட்டுவதும், கரையோரத்தார் வெட்டுப்படாமற் பார்ப்பதும் அவர்களுக்கு ஒரு மாலைப்பொழுதின் வேலை.

எல்லாவற்றையும் இரண்டு படிகளாக எடுப்பது நன்று. ஒன்று வீட்டிலும், மற்றது வேறோர் ஊரில் உறவினர் வீட்டிலும் இருத்தல் வேண்டும். 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயங்கள் உள்ளிருந்த அனைத்தோடும் புதைந்தன; மாண்டோர் பலரின் உடலுங்கூட மீட்கப்படவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி வந்தபோதும் பதுளை மாவட்டத்தின் மலைகள் சரிந்தன. உடலும் கிடைக்காத இடத்தில், வேறோர் ஊர் அலுமாரியில் இருக்கும் ஒரு படம் என்னவாகும் என்பதை விரித்துரைக்கத் தேவையில்லை.

படத்தின் பின்புறம் எழுதவேண்டியது ஒன்று உண்டு. மென்மையான பென்சில் நல்லது. அது பிடிக்காத வழுவழுப்பான தாளாயின் அழியாத மைப்பேனையால், முகத்துக்கு நேர் பின்னே அழுத்தாமல், ஓரத்தில் எழுதவேண்டும். எதை எழுதுவது என்பதிலே மகளுக்குத் தயக்கம் வந்துவிடுகின்றது. அப்பாவின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒருவிதமாகவும், செக்ரோலில் வேறொருவிதமாகவும், அடையாள அட்டையில் மூன்றாவது விதமாகவும் இருக்கின்றது. எழுதியவர் ஒவ்வொருவரும் தமக்குக் கேட்டவாறு எழுதிக்கொண்டனர். தாயிடம் கேட்டால், கணவனின் பெயரை வாயாற் சொல்லிப் பழகாதவள் அவள், முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அடுத்த காம்பராவில் அவருடைய அக்கா இருக்கிறார். தம்பியைச் சிறுவயதில் எப்படி அழைத்தாரென்று அவரிடம் கேட்டு, மகள் அந்தப் பெயரை எழுதுகிறாள். அதன் கீழே தோட்டத்தின் பெயரையும் பிரிவையும் எழுதுகிறாள்.